நயினார் வீட்டுத் தீபாவளி

ஆரணியில் தீபாவளி ஆடி மாதமே தொடங்கிவிடும். கர்நாடகத்திலிருந்து வந்த நூல் முறுக்குக்குப் போய், சாயத்துக்குப் போய், பாவாகித் தறியில் ஏறுவதற்குள் ஆவணி ஆகிவிடும். புரட்டாசியில் ஜரிகைக்காரர் பாக்கிக்கு நிற்பார், தறிக்காரர் முன்பணத்துக்கு நிற்பார், வெளியூர்க் கடைக்காரர் சரக்கு எங்கே என்று போனில் நிற்பார். மூன்று பேரையும் ஒரே பேரேட்டில் சமாதானப்படுத்துவதுதான் என் உத்தியோகம். பட்டுக்கடை ஒன்றில் கணக்கெழுதியே தலை நரைத்தவன் நான்.

சீசன் நாட்களில் கடை அடைக்க ராத்திரி பதினொன்று ஆகும். எட்டு மணிவாக்கில் முதலாளி எல்லோருக்கும் டிபன் வரவழைப்பார். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைப் பொழுது இறங்குவதற்குள் காலி செய்திருப்பேன். அதற்கப்புறம் தண்ணீரோடு சரி. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு இது பிடிபடாது. நெற்றியில் விபூதி இல்லை, நாமம் இல்லை, கவிச்சி இல்லை, இருட்டினால் சாப்பாடும் இல்லை. பழைய ஆள் யாராவது காதோடு சொல்வார், "அவரு நயினாரு, சமணரு." அடுத்த கேள்வி தப்பாமல் வரும்: "அப்போ உங்களுக்குத் தீபாவளி உண்டா சார்?"

உண்டு என்று சொல்லிவிட்டுப் பேரேட்டுக்குத் திரும்பிவிடுவேன். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வழக்கு இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

சமணர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மதுரைக் குன்றுகளின் படுக்கைகளும் கழுமரக் கதையும் நினைவுக்கு வரும். அதை விட்டால் அடகுக்கடைச் சேட்டு. எங்களை யாருக்கும் நினைவு வராது. ஆரணி, வந்தவாசி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல் விளைவித்துக்கொண்டு, தமிழைத் தவிர வேறு தாய்மொழி அறியாமல், திகம்பர வழியில் அருகனைக் கும்பிட்டு வரும் சிறு கூட்டம் நாங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் சமணர் 90 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்து குடியேறியவர்களைக் கழித்தால் நாங்கள் இன்னும் சொற்பம். ஆனால் இருப்பு பழையது. ஆரணியை ஒட்டிய பூண்டியில் பொன்னெழில்நாதர் கோயில், சம்புவராயர் காலத்தில் வீரவீர ஜினாலயம் என்று பெயர் பெற்றது. போளூர் பக்கம் போனால் வடமாதிமங்கலத்தை ஒட்டித் திருமலை. அங்கே பாறையில் செதுக்கிய நேமிநாதர் ஆளைப்போல் மூன்று பங்கு உயரம் நிற்கிறார். ராஜராஜனின் தமக்கை குந்தவை, சைவக் குடும்பத்துப் பெண், அருகனுக்கு எடுத்த கோயில்களில் ஒன்று அங்கே குந்தவை ஜினாலயம் என்ற பெயரில் இருக்கிறது.

திருமலைக் கல்வெட்டு என்றால் வரலாற்று வாத்தியார்கள் ராஜேந்திர சோழன் கங்கை வரை வென்ற பட்டியலைச் சொல்வார்கள். அந்தப் பட்டியல் முடிந்தபிறகு வருவதைத்தான் என் அப்பா படிக்கச் சொல்வார். ஒரு வணிகரின் மனைவி, சாமுண்டப்பை என்று பெயர், குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தா விளக்கெரிக்க 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் கொடுத்தாள். ஈழமும் வங்காளமும் வென்ற செய்தியெல்லாம் அந்த 30 காசு வரவை எழுதுவதற்கு முன்னுரை! கணக்கெழுதுகிறவனுக்கு இதைவிடத் திருப்தியான கல்வெட்டு கிடையாது.

அதே மலையில் இன்னொன்று உண்டு. ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1006வாக்கில், குணவீர மாமுனிவர் என்ற சமணத் துறவி அங்கே ஒரு கலிங்கு கட்டினார். கணிசேகர மருபொற்சூரியன் என்று அதற்குப் பெயர் வைத்தார். உடுத்துவதற்குக் கோவணமும் வைத்துக்கொள்ளாத மரபைச் சேர்ந்த முனிவர், ஊர் வயலுக்குத் தண்ணீர் போக வழி செய்திருக்கிறார். இந்தக் கலிங்கைப் பொங்கலுக்கு வரும்போது மறுபடி எடுக்கிறேன்.

முதலில் தீபாவளி. எங்கள் கணக்கில் அது மகாவீரர் வீடுபேறடைந்த நாள். பாவாபுரியில், சதுர்த்தசி இரவு கழிந்து அமாவாசை பிறக்கும் விடிவேளையில், அவர் உடலை விட்டார். அதே நாளில் அவருடைய முதல் மாணாக்கர் கௌதமருக்கு எல்லாம் அறியும் கேவல ஞானம் வந்தது. கூடியிருந்த அரசர்கள் விளக்கேற்றினார்கள். ஜினசேனர் என்ற ஆசாரியர் சமஸ்கிருதத்தில் எழுதிய ஹரிவம்ச புராணம் 783இல் முடிந்தது. அதிலேயே, இதை முன்னிட்டுப் பாரத நாட்டு மக்கள் ஆண்டுதோறும் தீப விழா எடுக்கிறார்கள் என்று இருக்கிறது. கல்ப சூத்திரத்திலும் விளக்குக் கதை உண்டு. ஆனால் அது சுவேதாம்பரர்களின் நூல், எங்கள் வீட்டில் அதைச் சாட்சிக்கு அழைப்பதில்லை.

மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் 'சமணமும் தமிழும்' எழுதினார். தீபாவளி ஆதியில் சமணருடையது, சமணர்கள் சைவ வைணவர்களாக மாறியபிறகும் அதை விடமுடியாமல் கொண்டாடினார்கள், பொருந்த வேண்டுமென்று நரகாசுரன் கதை பின்னால் சேர்ந்தது என்பது அவர் கட்சி. சிவராத்திரியையும் அவர் விடவில்லை. முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர் கைலாயத்தில் வீடுபேறடைந்த நாளை நாங்கள் ஜினராத்திரி என்கிறோம், அதையும் இதையும் சேர்த்துப் பார்த்தார். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டில் பைண்டு பிரிந்து, நூல் கட்டி இருந்தது. தீபாவளிக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா அதை எடுத்துவந்து அந்தப் பக்கத்தை நீட்டுவார். வந்தவர் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்.

அப்பாவுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. ஊர் பெரியது, நாங்கள் சிறுபான்மை. 'நீங்களும் கொண்டாடுவீங்களா' என்று கேட்கிறவனிடம் 'எங்களிடமிருந்துதான் நீ வாங்கினாய்' என்று சொல்வதில் ஒரு நிமிர்வு இருக்கிறது. வேங்கடசாமியாரின் உழைப்பில் எனக்கு மரியாதை குறையவில்லை. ஆனாலும் முதலில் யாருடையது என்ற வழக்கில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இருட்டான ஐப்பசி ராத்திரியில் விளக்கு வைக்கும் பழக்கம் நரகாசுரனுக்கும் முந்தியதாக இருக்கலாம், மகாவீரருக்கும் முந்தியதாக இருக்கலாம். பத்திரம் இல்லாத நிலத்துக்கு இரண்டு பேர் பட்டா கேட்டால் தாசில்தார் என்ன செய்வார்? அனுபோகத்தைப் பார்ப்பார். அந்த நாளில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

நடந்தது இது. ஊரோடு சேர்ந்து சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்போம். எங்கள் நூல் சொல்லும் விடியல் பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான் வரும். ஆயா அந்தச் சிக்கலைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை. எண்ணெய்க் குளியல் ஊருக்கு, மறுநாள் கோயில் சாமிக்கு என்று இரண்டையும் முடித்துவிடுவாள். பட்டாசு மட்டும் வீட்டுக்குள் வந்ததில்லை. ஒரு சரம் வெடித்தால் எத்தனை பூச்சி சாகும் என்று ஆயா கேட்பாள். நாங்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் வெடிப்பதைப் பார்ப்போம். பார்ப்பதற்குத் தடை இல்லை. இப்படி ஓர் ஓட்டையை எல்லா மதமும் பிள்ளைகளுக்காக விட்டுவைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்களுக்கென்றே உள்ள விழாக்களும் இல்லாமல் போகவில்லை. மேல்சித்தாமூர் மடத்தில் தேர் ஓடுகிறது. வந்தவாசிக்கு அருகே பொன்னூரில் 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஞாயிறுதோறும் பார்சுவநாதரையும் ஜ்வாலாமாலினியையும் கோயிலிலிருந்து மலைக்கு எழுந்தருளச் செய்து ஏலாசாரியர் என்ற முனிவருக்கு வழிபாடு நடத்த வேண்டும் என்று ஊரார் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறது. வாரத்துக்கு ஒரு திருவிழா! 1880களில் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணிக்குப் பொருள் தேடிச் சமணர் வீட்டுக்குப் போனபோது, வாசலில் தோரணம் கட்டியிருந்ததாம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைப் படித்து முடித்திருக்கிறோம் என்றார்களாம். ஒரு நூலைப் படித்து முடித்ததற்குத் தோரணம் கட்டியவர்கள் என் முன்னோர். என் தலைமுறையில் அப்படி ஒரு தோரணம் நான் பார்க்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறேன். இதற்கு எங்கள் புராணத்தில் இடம் தேடினால் சுற்றி வளைத்துத்தான் கிடைக்கும். உழவைக் கற்பித்தவர் ஆதிநாதர், அதனால் உழவர் திருநாள் அவருக்குரியது என்று கோயில் கூட்டங்களில் இப்போது பேசுகிறார்கள். கரும்புக்கும் ஒரு கதை இருக்கிறது: துறவு பூண்ட ஆதிநாதர் நெடுநாள் உணவு கிடைக்காமல் அலைந்து, கடைசியில் அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கொடுத்த கருப்பஞ்சாற்றில் நோன்பை முடித்தார். ஆனால் அந்த நாள் அட்சய திருதியை, சித்திரையிலோ வைகாசியிலோ வருவது. தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேசுகிறவர்கள் இந்த மூன்று மாத வித்தியாசத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் யாரும் குதிக்கவில்லை. நெல் அறுத்தோம், பொங்கல் வைத்தோம். அவ்வளவுதான் காரணம். ஆரணி அரிசி என்று இன்று ஊர்ப்பெயரைப் போட்டு மூட்டை விற்கிறார்கள், அந்த அரிசி விளையும் வயல்களில் தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்களின் கையும் இருக்கிறது. குணவீர முனிவர் கட்டிய கலிங்கில் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அறுவடைப் பொங்கல் வைப்பதற்கு வேறு புராணம் எதற்கு?

மதம் பொங்கலில் இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அது குழம்புச் சட்டிக்குள் இருந்தது. இந்தப் பக்கத்தில் பொங்கல் குழம்பென்றால் கருணை, சேனை, சர்க்கரைவள்ளி எல்லாம் விழும். அம்மா மொச்சை, அவரை, பூசணி, கத்தரி மட்டும் போடுவாள். மண்ணுக்குள் விளைவதைத் தோண்டினால் அதோடு சேர்ந்து எத்தனையோ உயிர் போகும், கிழங்கே பல உயிரின் கூடு என்பது எங்கள் கணக்கு. பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்தும் கிழங்குதானே என்று நான் சின்ன வயதில் கேட்டேன். "அது கட்டறதுக்கு, திங்கறதுக்கு இல்ல" என்றாள். பக்கத்து வீட்டுக்கு எங்கள் குழம்பு போகும், அவர்கள் குழம்பு எங்கள் வீட்டுக்கு வராது. அவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கரும்பும் வெல்லமும் அனுப்புவார்கள்.

2003க்குப் பிறகு, ஒரு தை பிறக்கும் சமயம், லூதியானாவிலிருந்து ஒரு சர்தார்ஜி மொத்த வியாபாரத்துக்கு எங்கள் கடைக்கு வந்திருந்தார். கம்பளி வியாபாரத்தில் பழுத்தவர், பட்டிலும் கை வைக்கலாமா என்று பார்க்க வந்தவர். சரியாகப் போகியன்று விடிகாலையில் லாட்ஜ் ஜன்னலைத் திறந்திருக்கிறார், தெருவெல்லாம் புகை. கடைக்கு வந்தவர் எனக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னார்: "எங்கள் ஊரில் இன்று சாயங்காலம் இதேபோல் நெருப்பு மூட்டுவோம். லோஹ்ரி." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "என் மகன் வரமாட்டேன் என்கிறான். லோஹ்ரி பஞ்சாபிகளுடையது, சீக்கியருடையது இல்லை என்கிறான்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கோயில் சங்கத்தில் இளைஞர்கள் போகியைப் பற்றிப் பேசுவது அப்படியே பஞ்சாபி வேஷம் கட்டி வந்ததுபோல் இருந்தது. அன்று ரசீது எழுதிய நேரத்தைவிடப் பேசிய நேரம் அதிகம். பின்னாளில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

மகன் சொன்னது விதிப்படி சரிதான். லோஹ்ரி நெருப்பைச் சுற்றி வேர்க்கடலையும் எள்மிட்டாயும் வைத்துக்கொண்டு பாடும் பாட்டின் நாயகன் துல்லா பட்டி, அக்பர் காலத்தில் கலகம் செய்த ஒரு முஸ்லிம். குருமார் யாரும் அந்த நாளில் எதையும் நிறுவவில்லை. மறுநாள் கதை வேறு. எங்களுக்குத் தைப்பொங்கல் விழுகிற அந்த நாள் அவர்களுக்கு மாகி. 1705இல் குரு கோவிந்த் சிங்குக்காகக் கித்ரானா குளக்கரையில் போரிட்டு மாண்ட 40 பேரின் நினைவாக முக்த்சரில் திருவிழா நடக்கிறது. மகர சங்கராந்தி நீராடல் எப்போதும் இருந்தது, அதன்மேல் அந்த 40 பேர் வந்து சேர்ந்தார்கள். வைசாகியும் அப்படித்தான். மேஷத்தில் சூரியன் நுழையும் நாள், நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்குக் கோதுமை அறுவடை. மூன்றாவது குரு அமர்தாஸ் அன்று எல்லோரும் கோயிந்துவாலுக்குத் தன்னிடம் வந்து கூட வேண்டும் என்றார். புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடிக்கவில்லை, மக்கள் ஏற்கெனவே வேலை நிறுத்தி வெளியே வரும் நாளையே எடுத்துக்கொண்டார். 1699 வைசாகியில் ஆனந்தபூரில் கால்சா என்ற சீக்கிய அமைப்பு பிறந்தது. 1919 வைசாகியில் ஜாலியன்வாலா பாக். இத்தனைக்கும் பிறகு அதை வெறும் அறுவடைத் திருநாள் என்று யார் சொல்லமுடியும்?

தீபாவளியிலும் அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆறாவது குரு ஹர்கோவிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து 52 அரசர்களோடு விடுதலையாகி வந்ததை அன்று கொண்டாடுகிறார்கள், பந்தி சோர் நாள் என்று. 1730களில் பாய் மணி சிங் அமிர்தசரஸில் தீபாவளிக் கூட்டம் நடத்த லாகூர் ஆளுநரிடம் வரி கட்டுவதாக ஒப்புக்கொண்டு அனுமதி வாங்கினார். கூட்டம் நடக்கவில்லை, வரியும் கட்டமுடியவில்லை, அவரைக் கொன்றார்கள். ஒரு விழா நாளுக்காக உயிர் போயிருக்கிறது. 2003இல் அவர்களுக்கென்று நானக்ஷாஹி நாட்காட்டி வந்தபோது, எந்த நாள் எந்தத் தேதியில் என்று எழுந்த சண்டையும் சின்னதல்ல. அமாவாசை கணக்கா, எண்ணெய்க் குளியல் கணக்கா என்று எங்கள் சங்கத்தில் நடப்பதன் பெரிய வடிவம்.

சர்தார்ஜிக்கு நான் சொன்னது ஒன்றுதான். "உங்கள் பையன் லோஹ்ரிக்கு வராவிட்டால் போகட்டும், வேர்க்கடலை சாப்பிடுகிறானா?" சிரித்துவிட்டார். சாப்பிடுகிறானாம். பட்டு வியாபாரம் அவருக்குச் சரிப்படவில்லை.

எல்லா ஊர் விழாவையும் நாங்கள் இப்படிச் சுலபமாக ஏற்றுக்கொண்டோம் என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பார்கள். கூழுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேழ்வரகு போகும். கிடா வெட்டும் நேரத்தில் எங்கள் தெருக் கதவுகள் சாத்தியிருக்கும். எங்களவரான ஜீவபந்து டி.எஸ். ஸ்ரீபால் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க ஒப்பவில்லை, ஊர் ஊராகப் போய் உயிர்ப்பலி வேண்டாம் என்று பேசினார். 1950இல் சென்னை மாகாணத்தில் விலங்கு, பறவைப் பலிக்குத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் கிடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொல்லி அரசு உத்தரவு போட்டபோது கிராமங்கள் கொதித்தன. 2004இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். ஸ்ரீபால்மேல் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் போலீஸை அனுப்பிக் கிடாவைக் காப்பாற்றியதில் பெருமை இல்லை. அவர் பேசி மாற்றிய ஊர்களில்தான் மாற்றம் நின்றது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. செஞ்சி ஆண்ட ஒருவன் சமணர்களைத் தலைவாங்கிய காலத்தில், உயிர் பிழைக்கப் பல குடும்பங்கள் விபூதி பூசிக்கொண்டன. அவர்கள் வழியில் வந்தவர்களை நீறுபூசி வேளாளர் என்பார்கள். மதம் மாறினாலும் ராத்திரிச் சோற்றை அவர்கள் நெடுநாள் தொடவில்லை என்றும் சொல்வார்கள். விழாவும் நெற்றியும் மாறின, அடுப்பு அணைக்கும் நேரம் மாறவில்லை.

இத்தனை வழக்கையும் தாண்டி எங்கள் வீட்டில் தீராமல் நின்றது ஒன்றே ஒன்று: பட்டு.

ஆரணியில் இருந்துகொண்டு, பட்டுக்கடைச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு, தீபாவளிக்குப் பட்டு உடுத்தலாமா கூடாதா என்று யோசிக்கும் நிலை வேறு எந்தச் சமணனுக்கு வந்திருக்கும்? கூட்டை வெந்நீரில் போட்டால்தான் இழை அறாமல் வரும். உள்ளே இருக்கும் புழு பூச்சியாகி வெளியே வந்தால் கூடு ஓட்டையாகி நூல் துண்டுதுண்டாகிவிடும். ஒரு கூடு இரண்டு கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ நூலுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும். கணக்குப்பிள்ளைக்கு இந்தப் பெருக்கலைப் போடாமல் இருக்க முடியுமா? ஒரு முகூர்த்தப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. பட்டாசில் பூச்சி சாகும் என்று எங்களைத் திண்ணையில் உட்காரவைத்த வீட்டில் இந்தப் பெருக்கலை யாரும் போட்டதில்லை. ஆயா அரக்குநிறப் பட்டில்தான் கோயிலுக்குப் போனாள். அவளுக்கு முந்தினவர்களும் அப்படித்தான்.

பெருக்கலைப் போட்டவள் அம்மா. வடக்கேயிருந்து நடந்தே வந்த ஒரு முனிவர் சங்கம் இந்தப் பக்கம் தங்கியிருந்தபோது உரை கேட்கப் போனாள். திரும்பி வந்து பீரோவிலிருந்த பட்டுகளை எடுத்து மகள்களுக்கும் மருமகள்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். வீசி எறியவில்லை. செத்தது செத்ததுதான், சேலை என்ன பாவம் செய்தது என்றாள். அதற்குப் பின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சின்னாளப்பட்டிச் சேலை, பருத்திச் சேலை. கோயிலுக்கு நனைத்துக் காயவைத்த பருத்தி. நான் வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டேன். "நீ நெய்யறியா, அவிக்கறியா? எழுதறே. ஒழுங்கா எழுது" என்றாள். அந்தத் தீர்ப்பு சட்டப்படி நிற்குமா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

எங்கள் கடைக்குக் கோர்வை நெய்து கொடுத்த செங்குந்தப் பெரியவர் ஒருவருக்கு இந்தச் செய்தி எட்டியது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் வந்த சமயம். கூலி வாங்க வந்தவர் என் மேஜைமுன் நின்றார். "இன்னா நயினாரே, உங்க வூட்டம்மா பட்டே வேணாம்னுட்டாங்களாமே? நீங்கல்லாம் கட்டலன்னா நாங்க எந்தக் குழித்தறியில போயி உக்கார்றது? தீபாவளிக்கு நாலு பேரு பட்டு எடுத்தாத்தான் எங்க வூட்ல தீபாவளி." பதில் சொல்ல முடியவில்லை. அகிம்சை பேசும் எந்த நூலிலும் அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பதாக நான் பார்க்கவில்லை. பூச்சியும் வாழ வேண்டும், தறிக்காரரும் வாழ வேண்டும். பண்டிகை யாருடையது என்று புத்தகத்தின் பக்கத்தை நீட்டிக்கொண்டிருந்த அப்பா இதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

ஐதராபாத்தில் கைத்தறித் துறை அதிகாரியாக இருந்த குசுமா ராஜையா, பூச்சி தானாக வெளியேறியபிறகு கூட்டை நூற்று அகிம்சைப் பட்டு செய்தார். குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் மனைவி ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டு கிடைக்குமா என்று கேட்டதுதான் தூண்டுதல் என்று அவர் சொல்லியிருக்கிறார். அறுந்த இழையைப் பஞ்சுபோல் நூற்பதால் பளபளப்பு குறையும், விலை கூடும்.

தம்பி மகளுக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தத்துக்கு அந்த நூலில்தான் புடவை வேண்டும், ஆனால் ஆரணித் தறியில் நெய்ததாக இருக்க வேண்டும் என்று பெண் பிடிவாதம். பழைய பெரியவரின் மகனிடம் கேட்டேன். தகப்பனைப்போலவே நூலை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாவுக்கு நிக்காதுங்க. அச்சுல ஒரசி அறுந்துகினே இருக்கும். வேணும்னா பாவு நம்ம பட்டு, ஊடைக்கு இதைப் போட்டுத் தரேன்."

அம்மாவுக்குக் காது மந்தம். இரண்டு தரம் சத்தமாகச் சொன்னேன். எடைக்கு ஏறக்குறைய பாதி ஊடை, அதனால் புழுக் கணக்கும் ஏறக்குறையப் பாதி குறையும் என்று காகிதத்தில் போட்டும் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள்.

"மிச்சப் பாதியை யார் பேர்ல பற்று எழுதுவே?"

கல்யாணம் தை மாதம். நூலுக்கு இன்னும் சொல்லவில்லை.